கசினோவுக்குக் காரில் போகிறவர்களுக்கு: வண்டியும் ஆளும் பத்திரமாக வீடு திரும்பும் வழி

மூன்று குளிர்காலங்களுக்கு முன்பு அத்தானின் பிறந்தநாளுக்காக ரொறன்ரோவுக்கு வெளியே உள்ள ஒரு கசினோவுக்குப் போயிருந்தோம். இராச் சாப்பாடு, பிறகு கொஞ்ச நேரம் இயந்திரங்களுக்கு முன்னால். அவ்வளவுதான். வெளியே வந்தபோது பனி கொட்டியிருந்தது. அத்தான் காரை விட்ட இடம் காலியாக இருந்தது. இரு பக்கத்து வண்டிகளின் கூரையிலும் நான்கு விரல் உயரத்துக்குப் பனி. நடுவில் எங்கள் கார் நின்ற தரையில் ஒரு விரல் அளவுகூட இல்லை. கார் போய் வெகுநேரம் ஆகவில்லை என்பது அதைப் பார்த்தாலே தெரிந்தது.

அத்தான் முதலில் கலங்கவில்லை. "காப்புறுதி இருக்கிறது" என்றார். அக்காதான் கேட்டார்: "கராஜ் றிமோட் எங்கே?" அது காரின் வெயில் மறைப்பில் செருகியிருந்தது. முன் பெட்டிக்குள் வீட்டு விலாசம் அச்சிட்ட வாகன உரிமைப் பத்திரம். வீட்டில் அம்மாவும் இரண்டு பிள்ளைகளும் தனியாக. அப்போதுதான் எனக்குக் கால் நடுங்கியது.

அன்று விளங்கியதைத்தான் இங்கே எழுதுகிறேன். கசினோ வாகனத் தரிப்பிடத்தில் உங்களிடமிருந்து எடுக்கப்படுவது கார் மட்டும் அல்ல. நீங்கள் யார், எங்கே இருக்கிறீர்கள், கையில் என்ன இருக்கிறது என்ற விபரமும் அங்கேதான் கைமாறுகிறது. களவு பிறகு உங்கள் வீட்டு வாசலில்கூட நடக்கலாம்.

ஏன் குறிப்பாகக் கசினோ? கடைக்குப் போகிறவர் பத்து நிமிடத்தில் திரும்பி வரலாம். கசினோவுக்குள் போகிறவர் மூன்று நான்கு மணித்தியாலம் வரமாட்டார் என்பது திருடனுக்குத் தெரியும். பையில் காசு இருக்கும் என்பதும் தெரியும். நள்ளிரவு தாண்டிக் களைத்து, சிலர் குடித்தும், வெளியே வருகிறார்கள். ஒன்ராறியோவில் கார்க் களவு சிறு பையன்களின் வேலையும் அல்ல. திருடப்பட்ட வண்டிகள் கொள்கலன்களில் ஏற்றப்பட்டு மொன்றியல் துறைமுகம் வழியாக மேற்கு ஆபிரிக்காவுக்கும் மத்திய கிழக்குக்கும் போகின்றன. 2024 ஏப்ரலில் பொலிஸார் அறிவித்த ஒரு நடவடிக்கையில் மட்டும் அந்தத் துறைமுகத்தில் 598 திருட்டு வாகனங்கள் மீட்கப்பட்டன. 2023ஆம் ஆண்டு கனடாவின் காப்புறுதி நிறுவனங்கள் வாகனக் களவுக்காக 150 கோடி டொலர் அளவில் இழப்பீடு கொடுத்தன.

படி 1: வீட்டிலேயே காரைக் காலி செய்யுங்கள்

கராஜ் றிமோட்டை எடுத்து வீட்டுக்குள் வையுங்கள், அல்லது கைப்பையில் கொண்டு போங்கள். உரிமைப் பத்திரத்தின் மூலப்பிரதியைக் காரில் விடாதீர்கள். ஒன்ராறியோச் சட்டப்படி அதன் உண்மைப் பிரதி ஒன்றை வைத்திருந்தாலும் போதும். அதைப் பணப்பைக்குள் வைத்துக்கொள்ளுங்கள். வங்கிக் கடிதம், மருந்துப் போத்தல், பாடசாலைக் கடிதம் என்று பெயரும் விலாசமும் உள்ள எதுவும் ஆசனத்தில் கிடக்கக் கூடாது. வீட்டுத் திறப்பையும் கார்த் திறப்பையும் ஒரே வளையத்தில் கோர்ப்பதை இன்றோடு விட்டுவிடுங்கள்.

நகையைப் பற்றி ஒரு வார்த்தை. தாலிக்கொடியும் பதக்கச் சங்கிலியும் கல்யாண வீட்டுக்குப் போடுவதற்கு. கசினோவுக்குப் போகும்போது அவற்றை வீட்டில் வைத்துவிட்டுப் போகலாம். காரணத்தைப் படி 5இல் சொல்கிறேன்.

பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போகாதீர்கள். 19 வயதுக்குக் குறைந்தவர்கள் ஒன்ராறியோவில் கசினோ விளையாட்டுத் தளத்துக்குள் நுழைய முடியாது. "ஐந்து நிமிடம்தான், படம் பார்த்துக்கொண்டிரு" என்று பிள்ளையைக் காருக்குள் விட்டுப் போகிறவர்கள் இருக்கிறார்கள். வெயிலும் குளிரும் ஒரு பக்கம் இருக்கட்டும். பின் ஆசனத்தில் பிள்ளை நித்திரையாக இருப்பதைக் கவனிக்காமல் ஒருவன் காரை ஓட்டிக்கொண்டு போனால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள். இதில் எனக்கு எந்த விட்டுக்கொடுப்பும் இல்லை.

படி 2: இடம் பார்த்து நிறுத்துங்கள்

கமரா தெரிகிற, விளக்கு எரிகிற, ஆட்கள் நடமாடும் வழியில் உள்ள இடம் நல்லது. வாசலுக்குப் பக்கம் கிடைக்காவிட்டால் இன்னொரு சுற்றுச் சுற்றுங்கள். தூணுக்குப் பின்னால், பெரிய வானுக்குப் பக்கத்தில், படிக்கட்டு இருட்டில் நிறுத்த வேண்டாம். திரும்பி வரும்போது நேராக முன்னுக்கு ஓட்டிக்கொண்டு வெளியேறும்படி பின்பக்கமாக ஏற்றி நிறுத்துங்கள். தளத்தின் எண்ணையும் தூணின் எழுத்தையும் கைத்தொலைபேசியில் படம் எடுத்து வைத்தால், இரவு ஒரு மணிக்குத் திறப்பை அழுத்தி அழுத்திக் காரைத் தேடித் திரிய வேண்டியிருக்காது. டிக்கிக்குள் ஏதாவது வைக்க வேண்டுமென்றால் வீட்டிலிருந்து புறப்படும் முன்பே அதற்குள் வைத்துவிடுங்கள். வந்து நிறுத்திய பிறகு டிக்கியைத் திறந்து பையை உள்ளே தள்ளினால், பையை எங்கே வைத்தீர்கள் என்பதை நீங்களே காட்டிக் கொடுக்கிறீர்கள்.

படி 3: பூட்டுங்கள், பூட்டியதை உறுதி செய்யுங்கள்

2007 செப்டம்பர் முதல் கனடாவில் விற்கப்படும் புதிய கார்களில், சரியான திறப்பு இல்லாமல் இயந்திரம் உயிர் பெறாதபடி ஒரு மின்னணுத் தடை இருக்க வேண்டும் என்பது சட்டம். பழைய முறையில் கம்பியை உரசிக் களவெடுப்பது அத்துடன் குறைந்தது. இப்போது திருடர்கள் உங்கள் திறப்பையே ஏமாற்றுகிறார்கள்.

பொத்தானை அழுத்தி ஓட்டும் கார்களின் திறப்பு, சட்டைப்பைக்குள் இருந்தபடியே காருடன் பேசுகிறது. அந்தப் பேச்சு ஒன்றிரண்டு மீற்றர் தூரம்தான் எட்டும். ஒருவன் கருவி வைத்த பையோடு உங்கள் பக்கத்தில் நிற்க, இன்னொருவன் காருக்குப் பக்கத்தில் நின்றால், அந்தத் தூரத்தை நீட்டிவிடலாம். நீங்கள் பக்கத்தில் நிற்கிறீர்கள் என்று கார் நம்பிவிடும். சில புதிய திறப்புகள் அசையாமல் கிடந்தால் தாமாகவே உறங்கிவிடும். வீட்டு மேசையில் அது உதவும். நீங்கள் நடந்துகொண்டிருக்கும்போது உங்கள் பைக்குள் இருக்கும் திறப்பு விழித்தே இருக்கிறது.

இதற்கு மலிவான பதில், சமிக்ஞையை மறிக்கும் உலோக இழைப் பை. வாங்கியதும் சோதித்துப் பாருங்கள்: திறப்பைப் பைக்குள் போட்டு மூடி, காரின் கைபிடியைத் தொடுங்கள். கதவு திறந்தால் அந்தப் பை உதவாது. டொயோட்டா, லெக்ஸஸ் கார்களின் பல திறப்புகளில் இன்னொரு வழியும் உண்டு. பூட்டும் பொத்தானை அழுத்திப் பிடித்தபடி, திறக்கும் பொத்தானை இரண்டு முறை அழுத்துங்கள். சிறு விளக்கு நான்கு முறை மினுங்கினால் திறப்பு உறங்கிவிட்டது. திரும்பி வந்து ஏதாவது ஒரு பொத்தானை அழுத்தினால் விழித்துக்கொள்ளும். அத்தானுக்கு இதைச் சொல்லிக் கொடுத்தபோது, "இது இத்தனை நாளும் என் கையிலேயா இருந்தது?" என்று கேட்டார்.

திறப்பைத் தொடாமலே காரியத்தை முடிக்கும் திருடர்களும் உண்டு. ஸ்டியரிங்குக்குக் கீழே மெக்கானிக் கணினியைச் செருகும் துவாரத்தின் வழியாகப் புதுத் திறப்பொன்றைப் பதிந்துவிடுகிறார்கள். முன்விளக்குப் பக்கத்துக் கம்பிகளுக்குள் நுழைந்தும் காரைத் திறக்கிறார்கள். மின்னணுவால் வெல்ல முடியாத இந்த இடத்தில் இரும்பு உதவுகிறது: ஸ்டியரிங்கில் போடும் பெரிய பூட்டு. கண்ணுக்குப் பளிச்சென்று தெரியும் மஞ்சள் அல்லது சிவப்பு நிறத்தில் வாங்குங்கள். அதை அறுக்க முடியாது என்று நான் சொல்லவில்லை. அறுக்க நேரம் எடுக்கும், சத்தம் வரும், பக்கத்தில் பூட்டில்லாத இன்னொரு கார் நிற்கும். மெக்கானிக் துவாரத்துக்கும் தனிப் பூட்டு கிடைக்கிறது.

கடைசியாக, பூட்டினேன் என்று நினைத்துக்கொண்டு நடந்துவிடாதீர்கள். றிமோட்டின் சமிக்ஞையைக் குழப்பும் கருவிகளும் இருக்கின்றன. விளக்கு மினுங்கியதா, கண்ணாடிகள் மடிந்தனவா என்று நின்று பாருங்கள். கைபிடியை இழுத்துப் பார்க்கும்போது திறப்பு உங்கள் பைக்குள் இருந்தால், சில கார்கள் அந்தத் தொடுகையிலேயே திறந்துவிடும். ஆகவே திறப்பு இல்லாத மற்றவரை, நீங்கள் சற்றுத் தள்ளி நிற்கும்போது, இழுத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

கசினோ ஊழியரிடம் காரைக் கொடுத்து நிறுத்தச் சொல்வதானால் கார்த் திறப்பை மட்டும் கொடுங்கள். வேறு எதுவும் வேண்டாம்.

படி 4: உள்ளே இருக்கும்போது

காசை இயந்திரத்துக்கு முன்னால் நின்று எண்ணாதீர்கள். பெரிய தொகை வென்றால் காசோலையாகக் கேளுங்கள். 10,000 டொலரும் அதற்கு மேலும் கொடுக்கும்போது கசினோ எப்படியும் உங்கள் அடையாளத்தைப் பதிந்து அரசுக்கு அறிக்கை அனுப்ப வேண்டும். அந்தத் தாள்வேலை நடக்கும்போதே காசோலையும் எழுதிவிடலாம். வென்ற செய்தியைப் பக்கத்து ஆசனத்து நண்பரிடம் சொல்ல வேண்டாம், வாசலில் நின்று தொலைபேசியில் உரத்துச் சொல்லவும் வேண்டாம். தனியாக வந்திருந்தாலோ, கையில் காசு இருந்தாலோ, காவலர் ஒருவரைக் கார்வரை வரச் சொல்லிக் கேளுங்கள். வெட்கப்பட எதுவும் இல்லை, அது அவர்களுடைய வேலைதான்.

படி 5: காருக்கு நடந்து போகும்போது

கைத்தொலைபேசி பைக்குள், திறப்பு கையில், தலை நிமிர்ந்து. காருக்கு இருபது அடிக்கு முன்பே பக்கத்து வண்டிகளுக்குள் யாராவது உட்கார்ந்திருக்கிறார்களா என்று பாருங்கள். மனதுக்குச் சரியாகப் படாவிட்டால் திரும்பி உள்ளே போய்விடுங்கள்.

இனி நகைக் கதை. ரொறன்ரோவைச் சுற்றியுள்ள பொலிஸ் பிரிவுகள் பல ஆண்டுகளாக எச்சரித்து வரும் ஒரு தந்திரம் இது. அகப்படுகிறவர்களில் நம் ஊர் முதியவர்கள் நிறையப் பேர். ஒரு பெண் வந்து வழி கேட்பாள், அல்லது கையைப் பிடித்துக்கொண்டு அழுவாள். "என் அம்மாவைப் போல இருக்கிறீர்கள்" என்று சொல்லி ஒரு சங்கிலியை உங்கள் கழுத்தில் போடுவாள். போட்டது பித்தளை, அந்தக் கைகள் பின்னங்கழுத்தில் இருந்த ஒரு கணத்தில் கழன்றது உங்கள் பவுண். எங்களுக்குத் தெரிந்த ஓர் அம்மா வீட்டுக்கு வந்து கண்ணாடியில் பார்க்கும்வரை எதுவுமே உணரவில்லை. இரக்கம் நல்ல குணம். ஆனாலும் அறியாத கை கழுத்துக்கும் மணிக்கட்டுக்கும் வர விடாதீர்கள். ஓர் அடி பின்னால் வைத்து, "வேண்டாம்" என்று உரத்துச் சொல்லுங்கள். "உங்கள் சக்கரத்தில் காற்று இல்லை", "காசு விழுந்துவிட்டது" என்று கூப்பிடுவதும் இதே வகைதான்.

ஏறியதும் பூட்டுங்கள், பிறகு பட்டி போடுங்கள், புறப்படுங்கள். உள்ளே உட்கார்ந்து காசு எண்ணுவதோ செய்தி அனுப்புவதோ வேண்டாம். குளிரில் காரைச் சூடாக்க, திறப்பை உள்ளே விட்டு இயந்திரத்தை ஓட விட்டுவிட்டுப் போய் நிற்காதீர்கள்.

யாராவது ஆயுதத்தைக் காட்டித் திறப்பைக் கேட்டால் கொடுத்துவிடுங்கள். வாதாட வேண்டாம், துரத்த வேண்டாம். உள்ளே ஆள் இருந்தால் மட்டும் "பிள்ளை இருக்கிறது" என்று அவனுக்குப் புரியும் மொழியில் கத்திச் சொல்லி, முதலில் பிள்ளையை இறக்குங்கள். காருக்குக் காப்புறுதி பதில் சொல்லும்.

படி 6: வீட்டு வாசல் வரை

புறப்பட்டதிலிருந்து ஒரே வெளிச்சம் பின்னால் வருகிறதா? வலப்பக்கமாக நான்கு முறை திரும்புங்கள். நான்கிலும் அதே வண்டி வந்தால் வீட்டுக்குப் போகாதீர்கள். பொலிஸ் நிலையத்துக்கோ, ஆட்கள் நிற்கும் எரிபொருள் நிலையத்துக்கோ போய், காரை விட்டு இறங்காமல் 911ஐ அழையுங்கள்.

பின்னால் யாரும் வராவிட்டாலும் ஒரு விஷயம் மிச்சம் இருக்கிறது. 2021 டிசம்பரில் யோர்க் பிராந்தியப் பொலிஸார் ஓர் எச்சரிக்கை விட்டார்கள். பொதுத் தரிப்பிடங்களில் நிற்கும் விலை கூடிய கார்களில் எயர்டாக் போன்ற சிறு கண்காணிப்பு வில்லையை ஒளித்துவிட்டு, பிறகு உரிமையாளரின் வீட்டுக்கே போய்க் காரை எடுத்த சம்பவங்கள் அவை. அவ்வில்லைகள் இழுவைக் கொக்கிக்குள்ளும் எரிபொருள் மூடிக்குள்ளும்கூட இருந்தன. ஒரு டொலர் நாணயத்தைவிடச் சற்றே பெரியது அது. எரிபொருள் மூடியைத் திறந்து பாருங்கள், கொக்கிக்குள் விரலை விட்டுத் துழாவுங்கள், இலக்கத் தகட்டின் பின்னாலும் சக்கர வளைவின் உட்புறத்திலும் தடவுங்கள். அறியாத வில்லை ஒன்று உங்களோடு பயணிக்கிறது என்று கைத்தொலைபேசி அறிவித்தால் அதைத் தட்டிவிடாதீர்கள். கிடைத்தால் எறிய வேண்டாம். படம் எடுத்துப் பொலிஸாரிடம் கொடுங்கள்.

படி 7: கார் போயே விட்டால்

முதலில் வேறு தளத்தில் நிறுத்தினீர்களா, இழுத்துக்கொண்டு போய்விட்டார்களா என்று காவலரிடம் கேளுங்கள். அந்த நேரத்துக் கமராப் பதிவை அழியாமல் வைக்கும்படி அப்போதே சொல்லுங்கள். பொலிஸாருக்கு இலக்கத் தகடும் இலக்கமும் எழுத்துமாக 17 குறிகள் கொண்ட வாகன அடையாள எண்ணும் தேவைப்படும். இரண்டையும் இன்றே படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கண்காணிப்புக் கருவி கார் நிற்கும் இடத்தைக் காட்டினாலும் நீங்கள் அங்கே போகக் கூடாது. பொலிஸ் தரும் சம்பவ எண்ணைக் காப்புறுதி நிறுவனம் கேட்கும். காருக்குள் இருந்த மடிகணினியும் குளிர்ச்சட்டையும் பொதுவாகக் கார்க் காப்புறுதியில் வராது. வீட்டுக் காப்புறுதியில் பாருங்கள்.

இவை எல்லாவற்றுக்கும் முன்னால், றிமோட்டோ விலாசமோ காரோடு போயிருந்தால், வீட்டுக்குத் தொலைபேசி எடுங்கள். அன்று அக்கா பக்கத்து வீட்டுக்காரரை எழுப்பினார். அவர் இராச் சட்டையோடு பனிக்குள் நடந்து வந்து, அம்மா கதவைத் திறந்துவிட, கராஜுக்குள் ஏணி வைத்து ஏறி, கூரையில் இருந்த மோட்டரின் பிளக்கைக் கழற்றினார். பிறகு கதவின் உட்பக்கத் தாழ்ப்பாளை இழுத்துப் பூட்டிவிட்டு, நாங்கள் வந்து சேரும்வரை அம்மாவோடு குசினியில் உட்கார்ந்திருந்தார்.