அமெரிக்கால புல்லட் ப்ரூஃப் வெஸ்ட் வாங்கப் போறீங்களா, விக்கப் போறீங்களா? காசு கை மாறறதுக்கு முன்னாடி இத பாத்துருங்க

நியூயார்க் ஸ்டேட்ல கேஸ் ஸ்டேஷன்ல, அதாவது பெட்ரோல் பங்க்ல, நைட் ஷிப்ட் பாக்குற எங்க சித்தி பையன் போன மாசம் ராத்திரி 2 மணிக்கு மெசேஜ் போட்டான், "அண்ணா, பக்கத்து கடைல துப்பாக்கிய காட்டி காச புடுங்கிட்டு போயிட்டாங்க, எனக்கு பயமா இருக்கு, ஒரு வெஸ்ட் ஆர்டர் போடப் போறேன்"னு. உடனே போன் பண்ணி "டேய், பயப்படறது நியாயம்தான், ஆனா ஆர்டர் மட்டும் போட்டுடாத, காலைல பேசுவோம்"னு சொன்னேன். அமெரிக்கால இதெல்லாம் லீகல்தான்னு நிறைய பேர் சொல்றாங்க, அது பாதி உண்மைதான், நீங்க யாரு, எந்த ஸ்டேட், பொருள் எப்படி கைக்கு வருது, இந்த மூணையும் பாக்காம சொல்லவே முடியாது. அவனுக்கு சொன்னத அப்படியே வரிசையா எழுதுறேன்.

ஸ்டெப் 1: சட்டம் எத பாடி ஆர்மர்னு சொல்லுது

ஃபெடரல் சட்டப்படி, அதாவது நாடு முழுக்க பொதுவான சட்டப்படி, குண்டுல இருந்து காப்பாத்தறதுக்குன்னு சொல்லி விக்கிற, உடம்ப மூடுற எந்தப் பொருளும் பாடி ஆர்மர்தான். தனியா போட்டாலும் சரி, இன்னொரு உடுப்புக்குள்ள சொருகுற மாதிரி வித்தாலும் சரி. அதனால "நான் வெஸ்ட்டுக்குள்ள சொருகுற ப்ளேட் மட்டும்தான் வாங்கினேன்"னு சொல்லி தப்பிக்க முடியாது. எந்த குண்ட தடுக்கும்னு சொல்ற லெவலையும் பாத்து வச்சுக்கங்க, 2ஏ, 2, 3ஏ மூணும் கைத்துப்பாக்கி குண்டுக்கு, 3ம் 4ம் ரைபிளுக்கு. இந்த தரத்த வகுக்கறது என்ஐஜேங்கற அரசு அமைப்பு, 2023ல புது தரம் வெளியிட்டு எச்ஜி1, ஆர்எஃப்1 மாதிரி புதுப் பேரும் வச்சிருக்காங்க, ஆனா பழைய பேரு இன்னும் புழக்கத்துல இருக்கு. லெவல் நம்பர் ஸ்டெப் 5ல தேவைப்படும்.

ஸ்டெப் 2: பழைய கேஸ் ஏதாவது இருக்கா

வன்முறை சம்பந்தப்பட்ட ஃபெலனில, அதாவது பெரிய குத்தத்துல, தண்டனை வாங்கினவங்க பாடி ஆர்மர் வாங்கக்கூடாது, வச்சிருக்கவும் கூடாது, மீறினா 3 வருஷம் வரைக்கும் ஜெயில். இது 2002ல வந்த ஃபெடரல் சட்டம், நாடு முழுக்க செல்லும். ரெண்டு போலீஸ்காரங்க பேர்ல இருக்கு, 1994ல சான் ஃபிரான்சிஸ்கோல செத்துப்போன ஜேம்ஸ் கெல்ஃப், 1997ல அலபாமால செத்துப்போன கிறிஸ் மெக்கர்லி. ரெண்டு பேரையும் சுட்டவங்க பாடி ஆர்மர் போட்டிருந்தாங்க. இத தெரிஞ்சுகிட்டா இந்த சட்டம் சும்மா தொல்லை குடுக்க போட்டதுன்னு உங்களுக்கு தோணாது.

ஒரு விலக்கு இருக்கு, வேலைய பாதுகாப்பா செய்ய இது வேணும்னு முதலாளி முன்கூட்டியே எழுத்துல குடுத்திருக்கணும், அப்பவும் அந்த வேலைக்கு மட்டும்தான் போடணும். வாங்கிட்டு அப்புறமா லெட்டர் வாங்கிக்கலாம்ங்கறது நடக்காது. கலிஃபோர்னியாலயும் இதே மாதிரி ஸ்டேட் தடை தனியா இருக்கு.

ஸ்டெப் 3: உங்க ஸ்டேட் என்ன சொல்லுது

கேஸ் எதுவும் இல்லாதவங்க மாட்டிக்கிறது இங்கதான், கொஞ்சம் நிதானமா படிங்க. ஃபெடரல் சட்டத்துல வாங்கறதுக்கு லைசென்ஸோ பேக்ரவுண்ட் செக்கோ கிடையாது, அதனால நிறைய ஸ்டேட்ல கேஸ் இல்லாத ஆளு ஆன்லைன்லயே வாங்கலாம். நியூயார்க் அப்படி இல்ல.

2022 மே 14, நியூயார்க் ஸ்டேட்ல இருக்குற பஃபலோல டாப்ஸ் சூப்பர்மார்க்கெட்ல ஒருத்தன் நிறவெறில கறுப்பின மக்கள குறி வச்சு 10 பேர சுட்டுக் கொன்னான். கடைல செக்யூரிட்டியா இருந்த ஆரன் சால்ட்டர், ரிட்டயர்ட் போலீஸ்காரர், அவன திருப்பிச் சுட்டார், குண்டு பட்டுச்சு, ஆனா ஆர்மர் தடுத்துருச்சு, அப்புறம் அவரையே அவன் கொன்னுட்டான். இத எத்தனை தடவை படிச்சாலும் எனக்கு மனசு கனத்துப் போகும். அடுத்த மாசமே நியூயார்க் சட்டம் போட்டாங்க, ஆனா முதல்ல எழுதினதுல துணி மாதிரி வளையுற சாஃப்ட் வெஸ்ட் மட்டும்தான் வந்துச்சு, பஃபலோல அவன் போட்டிருந்த மாதிரி ஸ்டீல் ப்ளேட் வெளிய நின்னுருச்சு, அத ஜூலை 1ல திருத்தி எல்லா பாடி ஆர்மரையும் உள்ள கொண்டு வந்தாங்க.

இப்போ நியூயார்க்ல தகுதியான தொழில்ல இருக்கறவங்க மட்டும்தான் வாங்க முடியும். போலீஸ், ராணுவம் சட்டத்துலயே இருக்கு, மத்த தொழில்கள் நியூயார்க் ஸ்டேட் அரசோட டிபார்ட்மென்ட் ஆஃப் ஸ்டேட் லிஸ்ட்ல இருக்கும், அவங்க வெப்சைட்ல பாருங்க. லிஸ்ட்ல உங்க தொழில் இல்லன்னா சேர்க்கச் சொல்லி அவங்ககிட்டயே கேக்கவும் வழி இருக்கு. தகுதி இருந்தாலும் நேர்ல போய்தான் வாங்கணும், பார்சல்ல வீட்டுக்கு வரவழைக்க முடியாது. மீறி வாங்கினா முதல் தடவை க்ளாஸ் ஏ மிஸ்டிமீனர் (ஃபெலனிய விட சின்ன குத்தம்), அடுத்த தடவை ஃபெலனி. வேலை விசால இருக்குற நம்ம பசங்களுக்கு ஒரு மிஸ்டிமீனரே எவ்ளோ பெரிய தலைவலின்னு நான் சொல்ல வேண்டியதில்ல.

கனெக்டிகட்ல நேருக்கு நேர் விக்கணும்ங்கற விதி ரொம்ப வருஷமாவே இருக்கு, 2023 திருத்தத்துக்கு அப்புறம் துப்பாக்கி பெர்மிட் மாதிரி ஒரு தகுதிச் சான்றும் காட்டணும்.

ஸ்டெப் 4: பழசு விக்கறவங்களுக்கு

வேலை மாறினப்புறம் சும்மா கெடக்கற வெஸ்ட்ட ஆன்லைன்ல போட்டு வித்துடலாம்னு நினைக்கறவங்க நியூயார்க்ல இருந்தா கொஞ்சம் நில்லுங்க. வாங்கறவர் தகுதியான தொழில்ல இல்லன்னு உங்களுக்கு தெரிஞ்சிருந்தாலோ தெரிஞ்சிருக்க வேண்டியதா இருந்தாலோ குத்தம் உங்க மேலயும் வரும். விக்கறது மட்டும் இல்ல, மாத்திக்கறது, ஃப்ரெண்டுக்கு இலவசமா தூக்கி குடுக்கறது எல்லாமே இதுல வரும். அதனால அவர் வேலை ஐடிய கேட்டு வாங்கிப் பாருங்க, கேக்கறதுக்கு கூச்சப்படாதீங்க.

ஸ்டெப் 5: நாட்ட விட்டு வெளிய அனுப்பறதா இருந்தா

லெவல் 4ம் அதுக்கு மேலயும் ராணுவத் தளவாட லிஸ்ட்ல இருக்கு, அமெரிக்க வெளியுறவுத் துறையான ஸ்டேட் டிபார்ட்மென்ட்டோட ஐட்டார்ங்கற ஆயுத ஏற்றுமதி விதிகள் அதுக்கு பொருந்தும். தெரிஞ்சே மீறினா 20 வருஷம் வரை ஜெயில், 10 லட்சம் டாலர் வரை அபராதம். கீழ் லெவல்கள் காமர்ஸ் டிபார்ட்மென்ட் கட்டுப்பாட்டுல வருது. ஊருக்குப் போறப்ப பெட்டில ஒண்ணு போட்டுக்கலாம்னு நினைக்காதீங்க, முதல்ல எக்ஸ்போர்ட் விதி தெரிஞ்ச வக்கீல்கிட்ட பேசுங்க.

தம்பி ஆர்டர் போடல. அந்த நியூயார்க் தொழில் லிஸ்ட்ட நானும் அவனும் உக்காந்து பாத்துகிட்டிருக்கோம், அதுக்குள்ள அவனே ஓனர்கிட்ட பேசி ராத்திரி 11 மணிக்கு மேல கதவ பூட்டிட்டு ஜன்னல் வழியா மட்டும் வியாபாரம்னு சம்மதிக்க வச்சுட்டான், கல்லால 50 டாலருக்கு மேல வைக்கறதும் இல்ல.