முல்லைத்தீவில் இருந்துகொண்டு புத்தளத்து நேரத்தில் ஸஹர்: வன்னியில் நோன்பு பிடிப்போர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

எங்கள் உம்மம்மாவின் குசினிச் சுவரில் எப்போதும் ஒரு நாட்காட்டி தொங்கும். புத்தளத்துப் பள்ளிவாசல் ஒன்று அச்சடித்தது. 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடக்கிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றியபோது புத்தளத்துக்குப் போன குடும்பம் எங்களுடையது. 2009க்குப் பிறகு முல்லைத்தீவின் முள்ளியவளைப் பக்கம் திரும்பி வந்தோம். வந்த பிறகும் வருடா வருடம் யாராவது ஒருவர் அந்த நாட்காட்டியைச் சுருட்டி பஸ்ஸில் கொண்டு வந்து தருவார்கள். அதைப் பார்த்துத்தான் வீடு முழுக்க ஸஹர், அதாவது நோன்பு தொடங்க முன் சாப்பிடும் சாப்பாடு, செய்தோம். கடைசி மிடறு தண்ணீரைக் கையில் வைத்துக்கொண்டு உம்மம்மா நாட்காட்டியையும் மணிக்கூட்டையும் மாறி மாறிப் பார்ப்பது இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. அவ்வளவு கவனம். ஆனால் நேரம் பிழை.

சூரியன் கிழக்கிலிருந்து வருகிறது. புத்தளம் ஏறக்குறைய 79.8 பாகை கிழக்கு நெடுங்கோட்டில் இருக்கிறது, முல்லைத்தீவு 80.8இல். ஒரு பாகைக்கு 4 நிமிடம். ஆகவே முல்லைத்தீவில் புத்தளத்தை விட மூன்று, நான்கு நிமிடம் முன்னதாகவே சுபஹ், அதாவது நோன்பு தொடங்கும் விடியற்காலைத் தொழுகை நேரம், வந்துவிடும். புத்தளத்து நேரத்தில் கடைசி வாய் சாப்பிடுகிறவர் சுபஹுக்குப் பிறகு சாப்பிடுகிறார். இரவு என்று நினைத்துத்தான் சாப்பிட்டார் என்றாலும், விடிந்துவிட்டது என்று தெரிய வந்தால் அந்த நோன்பைக் கழாச் செய்ய வேண்டும், அதாவது வேறொரு நாளில் ஈடாகப் பிடிக்க வேண்டும் என்பதுதான் நாம் பின்பற்றும் ஷாஃபி மத்ஹபின் (சட்டப் பிரிவின்) சட்டம். கொழும்பு நேரத்தை அப்படியே எடுத்தாலும் இதே கதைதான். கொழும்பும் புத்தளமும் கிட்டத்தட்ட ஒரே நெடுங்கோட்டில் இருக்கின்றன.

மன்னார்க்காரருக்குப் பிரச்சினை தலைகீழாக வரும். முசலி, எருக்கலம்பிட்டி, தாராபுரம் எல்லாம் மேற்குக் கரையோரம். அங்கே சூரியன் பிந்தித்தான் மறையும். முல்லைத்தீவிலோ கிழக்கு மாகாணத்திலோ உள்ள உறவினர் தொலைபேசியில் "பாங்கு சொல்லியாச்சு" என்றதும் சிலாவத்துறையில் இருப்பவர் பேரீச்சம்பழத்தை வாயில் வைத்தால், பகல் முழுக்கத் தாகத்தோடு இருந்த நோன்பு கடைசிச் சில நிமிடத்தில் போய்விடும். கைத்தொலைபேசிச் செயலியிலும் ஒருமுறை இடத்தைச் சரி பாருங்கள். புத்தளத்தில் இருந்தபோது அமைத்த செயலியில் புத்தளமே பதிந்து கிடக்கக்கூடும். மார்க்க அறிஞர்களான ஆலிம்களின் சபையான அகில இலங்கை ஜம்இய்யதுல் உலமா மாவட்டங்களைப் பிரித்துப் பிரித்துத்தான் தொழுகை நேரம் வெளியிடுகிறது. உங்கள் மாவட்டத்துக்கு உரியதை எடுத்து, பழையதைக் கழற்றி வையுங்கள். உம்மம்மா சம்மதிக்க இரண்டு வருடம் பிடித்தது. அந்த நாட்காட்டி அவவுக்கு நேரம் மட்டுமில்லை, இருபது வருடம் தங்க இடம் தந்த ஊர். அது எனக்கு விளங்குகிறது. ஆனால் நோன்பு நாம் நிற்கும் மண்ணின் வானத்துக்குத்தான்.

பிறை விஷயத்திலும் இதே குழப்பம் உண்டு. சவூதியில் வேலை செய்யும் மகன் எடுத்துச் சொன்னான் என்பதற்காக இங்கே ஒரு வீடு மட்டும் ஒரு நாள் முந்திப் பெருநாள் எடுப்பது நடக்கிறது. ஐம்பது வீடு உள்ள கிராமத்தில் இரண்டு பெருநாள் வந்தால் பிள்ளைகளுக்கு எந்தப் பெருநாள்? கொழும்புப் பெரிய பள்ளிவாசலும் ஜம்இய்யாவும் சேர்ந்து அறிவிக்கும் பிறையோடு ஊர் ஒன்றாக நிற்கட்டும். ரமழான் இரவுத் தொழுகையான தராவீஹ் எட்டு ரக்அத்தா இருபதா என்பதும் அப்படித்தான். மீளக் குடியேறி, கூரை போட்டு, ஒரு ஸஃப்பு (தொழுகை வரிசை) நிறைய ஆள் சேர்வதற்கே பாடுபட்ட பள்ளியை அதற்காக இரண்டாக உடைப்பது பெரிய அநியாயம். எட்டோடு வீட்டுக்குப் போகிறவர் போகட்டும், இருபது தொழுகிறவர் தொழட்டும்.

அடுத்தது உடம்பு. இதைக் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டும். வவுனியா மாவட்டம் நாட்பட்ட சிறுநீரக நோய் அதிகம் காணப்படும் மாவட்டங்களில் ஒன்று. சீனி வருத்தம் இல்லாத வீடும் இப்போது குறைவு. "முப்பது வருடமாக ஒரு நோன்பும் விடவில்லை" என்று சொல்லிக்கொண்டு இன்சுலின் போடுகிற மூத்தவர்கள் வைத்தியரிடம் கேட்காமலே நோன்பு பிடிக்கிறார்கள். சிலர் ஊசியையே நிறுத்திவிடுகிறார்கள். நோயாளியும் பயணியும் வேறு நாட்களில் பிடிக்கலாம் என்று குர்ஆன் (2:185) சொல்கிறது. அது அல்லாஹ் தந்த சலுகை, ஈமான் (இறைநம்பிக்கை) குறைந்தவருக்கு என்று ஒதுக்கி வைத்ததில்லை. குணமாகும் எதிர்பார்ப்பே இல்லாத நோய் என்றால் நாளுக்கு ஒரு முத்து என்ற அளவு, அதாவது ஏறக்குறைய 600 கிராம் அரிசி, ஏழைக்குக் கொடுத்தால் போதும். ரமழான் தொடங்க முன்பே கிளினிக்கில் "நோன்பு பிடிக்கலாமா, மருந்தை எந்த நேரத்துக்கு மாற்றுவது" என்று கேளுங்கள். விரலில் குத்திச் சீனி பார்ப்பதால் நோன்பு முறியாது. தலைசுற்றல், வியர்வை, கைநடுக்கம் வந்தால் மஃரிப் (சூரியன் மறையும் நேரம்) வரை இழுத்துக்கொண்டு இருக்கக் கூடாது, உடனே துறக்க வேண்டும்.

பெண் பிள்ளைகள் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். மாதவிடாய் நாளில் நோன்பு இல்லை. ஆனால் வாப்பாவும் நானாமாரும் இருக்கிற வீட்டில் சாப்பிட வெட்கப்பட்டு, ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்காமல் மஃரிப் வரை கிடக்கும் பிள்ளைகள் எத்தனை பேர்! உம்மாமார் குசினிப் பக்கம் ஒரு கோப்பை சாப்பாட்டை மூடி வைத்து, "போய்ச் சாப்பிடு மகள்" என்று சொன்னால் போதும். விடுபட்ட நோன்புகளை அடுத்த ரமழானுக்கு முன் கழாச் செய்ய வேண்டும். காரணமில்லாமல் பிந்தினால் ஷாஃபி மத்ஹபில் கழாவோடு ஒரு நாளுக்கு ஒரு முத்து வீதம் கொடுக்கவும் வேண்டும். ஆகவே எண்ணிக்கையை அந்த மாதமே எழுதி வைக்கப் பழக்குங்கள்.

இப்போது நெல்லுக்கு வருகிறேன். வன்னியில் அதிகம் கவனிக்கப்படாத தவறு இதுதான் என்பது என் எண்ணம்.

ஸகாத், அதாவது கட்டாய தர்மம், என்றால் ரமழானில் கொடுப்பது என்று எல்லோருக்கும் மனதில் பதிந்துவிட்டது. பணத்துக்கும் பொன்னுக்கும் வருடம் பூர்த்தியாகும் நாள்தான் கணக்கு. பலர் அந்த நாளை ரமழானில் வைத்துக்கொள்கிறார்கள், சரி. நெல்லுக்கு அப்படி இல்லை. "அறுவடை நாளில் அதன் உரிமையைக் கொடுத்துவிடுங்கள்" என்பது குர்ஆனின் கட்டளை (6:141). அருவிவெட்டு முடிந்து நெல் காய்ந்து சுத்தமானால் ஸகாத் கடமையாகிவிட்டது. காலபோக வெட்டு மாசி, பங்குனியில் வரும். இந்த வருடங்களில் ரமழானும் அந்தப் பக்கமே வருவதால் தவறு தெரிவதில்லை. ஆனால் ரமழான் வருடத்துக்குப் பத்து, பதினொரு நாள் முன்னுக்கு நகரும். 2030இல் ஜனவரியில் ஒன்று, டிசம்பர் கடைசியில் ஒன்று என்று இரண்டு ரமழான் தொடங்கும். "ரமழானில் கொடுப்போம்" என்று இன்று பழகுகிறவர் அன்று பங்குனியில் வெட்டிய நெல்லின் ஸகாத்தை மார்கழி வரை வீட்டில் பூட்டி வைத்திருப்பார். அதற்குள் ஏழையின் பங்கு வியாபாரியின் லொறியில் ஏறியிருக்கும்.

அளவிலும் தடுமாற்றம் இருக்கிறது. நிஸாப், அதாவது ஸகாத் கடமையாகும் குறைந்த அளவு, ஐந்து வஸக், ஏறக்குறைய 650 கிலோ அரிசி. உமியோடு சேமிக்கும் நெல்லுக்கு ஷாஃபி மத்ஹபில் அதன் இரட்டிப்பு, 1,300 கிலோ அளவு. அதைத் தாண்டினால் மழையை நம்பிய மானாவாரி வயலுக்கு 10 வீதம். மோட்டார் வைத்து இறைத்தால் 5 வீதம். பாதிக்குப் பாதி என்றால் ஏழரை. இரண்டு ஏக்கரில் 3,000 கிலோ கண்டவர் மானாவாரியாக இருந்தால் 300 கிலோ, இறைத்திருந்தால் 150 கிலோ. பலர் பசளை, உழவு, வெட்டு மெசின் கூலி, கடைக் கடன் எல்லாம் கழித்து "மிச்சம் ஒன்றுமில்லை" என்று முடிக்கிறார்கள். விவசாயியின் கஷ்டம் எனக்குத் தெரியும், எங்கள் வீட்டிலும் வயல்தான். ஆனால் ஷாஃபி மத்ஹபில் இந்தச் செலவுகளைக் கழிக்க இடமில்லை. இறைக்கும் செலவுக்காகத்தான் பத்து ஐந்தாகக் குறைந்திருக்கிறது. கடன் கழுத்தை நெரிக்கிறது என்றால் நீங்களாகவே தீர்ப்புச் சொல்லாமல், கணக்கோடு ஆலிம் ஒருவரிடம் போய் இருங்கள். ஸகாத் கொடுக்க வேண்டியவர் என்று வந்தவர், ஸகாத் பெறத் தகுதியானவர் என்று தெரிந்து திரும்பவும் கூடும்.

பித்ரா, அதாவது நோன்புப் பெருநாள் தர்மம், வேறு. அது தலைக்கு ஒரு ஸாஃ, ஏறக்குறைய இரண்டரைக் கிலோ அரிசி, பெருநாள் தொழுகைக்கு முன் கொடுபட வேண்டும். தொழுகை முடிந்து உறவினர் வீடுகளுக்குப் போகும் வழியில் கொடுக்கலாம் என்று வைத்திருப்பது பெரும் தவறு. வீட்டில் சம்பா சாப்பிட்டுவிட்டு, பித்ராவுக்கு மட்டும் கடையில் மலிவான அரிசி கேட்பதும் நல்லதில்லை. இன்னொன்று எங்கள் ஊர்களுக்கே உரியது. வயலும் தொழிலும் இங்கே, பழக்கமான பள்ளியும் சொந்தமும் புத்தளத்தில் என்று இரண்டு காலில் நிற்கிறோம். நாம் பெருநாள் எடுப்பது இங்கே, பித்ரா அரிசி போவது அங்கே. பித்ரா ஆள் இருக்கும் ஊரின் ஏழைக்கு உரியது. தகரக் கொட்டிலில் இன்னும் வீட்டுத்திட்டத்துக்குக் காத்திருக்கும் குடும்பம் நம் ஒழுங்கையிலேயே இருக்கும்போது, அவர்களைத் தாண்டி மூடையை ஏற்றி அனுப்பாதீர்கள். புத்தளத்துச் சொந்தத்துக்கு ஸதக்காவாக (விரும்பிக் கொடுக்கும் தர்மமாக) எவ்வளவும் அனுப்பலாம், யார் தடுத்தார்?

கடைசியாகக் கஞ்சி. இது நான் செய்த தவறு. திரும்பி வந்த முதல் ரமழானில் பள்ளிக் கஞ்சியை ஒரு வாளியில் எடுத்துக்கொண்டு பக்கத்து வீட்டுத் தமிழ் அம்மாவுக்குக் கொடுத்தேன். தேங்காய்ப்பாலும் ரம்பையும் வெந்தயமும் மணக்க மணக்க, சூடாக இருந்தது. அன்று வெள்ளிக்கிழமை. அவர் மச்ச மாமிசம் தொடாத நாள். கஞ்சிக்குள் மாட்டிறைச்சி. என் முகம் வாடக் கூடாதென்று அவர் ஒன்றும் சொல்லாமல் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். மறுநாள் அவருடைய பேரப்பிள்ளை சொல்லித்தான் தெரிந்தது. எனக்கு இரவு முழுக்க நித்திரை வரவில்லை. ஊர்களுக்கு இடையே இத்தனை காயம் இருக்கும்போது, பாசத்தோடு போகும் பாத்திரம் இன்னொரு காயமாகக் கூடாது. இறைச்சி போட்டால் சொல்லிவிட்டுக் கொடுங்கள். அதைவிட நல்லது, அயலவருக்கென்று மரக்கறிக் கஞ்சி தனியாகக் காய்ச்சுவது. ஸஹருக்கு ஆள் எழுப்ப வெளி ஒலிபெருக்கியை நீட்டி வைப்பதையும் இதோடு சேர்த்து யோசியுங்கள். ஒவ்வொருவர் தலைமாட்டிலும் போன் அலாரம் இருக்கிறது, அடுத்த வீட்டில் பரீட்சைக்குப் படித்துவிட்டுத் தூங்கும் பிள்ளையும் இருக்கிறது.

இப்போது எங்கள் வீட்டில் நோன்புக் காலத்தில் அடுப்பில் இரண்டு பானை. சின்னதில் இறைச்சி விழாது, அதற்கு அகப்பையும் வேறு. பின்னேர அஸர் தொழுதுவிட்டு அதை மூடி எடுத்துக்கொண்டு வேலிப் பக்கம் போனால், அந்த அம்மா எங்களுக்கு முன்பே படலையில் நிற்கிறார். வாளி திரும்பி வரும்போது அதற்குள் அவர் வளவில் ஆய்ந்த தேசிக்காய் நாலைந்து இருக்கும். அந்தத் தேசிக்காயைப் பிழிந்துதான் அன்று நாங்கள் நோன்பு துறப்போம்.