கேரவன் சுவரில் திருகு பிடிக்கவில்லையா? ஓதத்தை மூடி மறைக்கும் தவறுகள்

கேரவனின் உட்சுவரில் விளக்கோ திரைச்சீலைக் கம்பியோ ஆட்டம் கண்டால், திருப்புளியை எடுத்து நாலு சுற்று முறுக்கிவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்பதுதான் நம்மில் பலருடைய வழக்கம். முறுக்கிய திருகு இறுகிவிட்டால் கவலை இல்லை. பிடிமானமே இல்லாமல் வெறுமனே சுற்றினால் வேலையை அங்கேயே நிறுத்திவிட வேண்டும். மரச்சட்டத்தின் வெளிப்புறம் அலுமினியத் தகடும் உட்புறம் மெல்லிய பிளைவுட்டும் வைத்துச் செய்த பழைய கேரவன்களில், திருகைத் தாங்க வேண்டிய சட்டம் உள்ளுக்குள் மக்கிக்கொண்டிருக்கிறது என்பதை முதலில் காட்டிக்கொடுப்பது பெரும்பாலும் இப்படிப்பட்ட சில்லறைப் பழுதுதான். காற்றின் ஈரப்பதம் ஆண்டு முழுவதும் 80 விழுக்காட்டை ஒட்டியே இருக்கும் பினாங்கில், அந்த அறிகுறியைப் புறக்கணிப்பதற்கு நாம் கொடுக்கும் விலை அதிகம்.

இந்த நிலையில் பலர் செய்யும் முதல் தவறு, துளையில் தீக்குச்சியை ஒடித்துச் செருகுவது அல்லது இன்னும் நீளமான திருகாகப் பார்த்து முடுக்குவது. கழற்றிய திருகை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். அதன் புரிகளில் துரு ஏறி, பிழிந்தெடுத்த தேயிலைச் சக்கைபோலக் கரும்பழுப்பு நிறத்தில் ஈரமான துகள் ஒட்டியிருந்தால், அது உளுத்த மரம். அதில் எவ்வளவு நீளத் திருகும் நிற்காது. அதோடு இத்தகைய சுவரின் மொத்தக் கனமே ஏறத்தாழ ஓர் அங்குலம்தான் என்பதால், நீண்ட திருகு வெளித்தகட்டைத் துளைத்து, மழைநீர் நுழையப் புதிதாக ஒரு வழியைத் திறந்துவிடவும் கூடும்.

அடுத்த தவறு, கறை தெரியும் இடத்தையே ஒழுகும் இடமாக எடுத்துக்கொள்வது. நீர் மேலே ஓரிடத்தில் நுழைந்து, சட்டத்தின் வழியாகவே இறங்கி, குறுக்குக் கட்டையில் தேங்கி, வேறெங்கோ வெளிப்படும். சன்னலுக்குக் கீழே பூஞ்சணம் பூத்திருக்கும். ஆனால் நீர் நுழைந்த இடம் கூரை விளிம்பில் வெயில் மறைப்புத் துணியைக் கோக்கும் அலுமினியப் பட்டையின் திருகுத் துளையாக இருக்கும். தண்ணீர்க் குழாயைப் பீய்ச்சிச் சோதிப்பவர்களும் எடுத்த எடுப்பிலேயே கூரையிலிருந்து தொடங்கிவிடுகிறார்கள். அப்படிச் செய்தால் நீர் எல்லா இணைப்புகளின் மீதும் வழிந்து, எது ஒழுகுகிறது என்பதே தெரியாமல் போய்விடும். கீழ் இணைப்பிலிருந்து தொடங்கி, ஒவ்வோர் இடத்திலும் சில நிமிடங்கள் நீரை ஓடவிட்டு, படிப்படியாக மேலே ஏற வேண்டும். உள்ளே ஒருவர் டார்ச் விளக்குடன் காத்திருக்க வேண்டும்.

ஒழுகும் இடம் தெரிந்த பிறகு, ஹார்ட்வேர் கடையில் ஒரு சிலிக்கோன் குழாயை வாங்கிவந்து பழைய பூச்சின் மேலேயே பூசிவிடுவதுதான் நான் மிகவும் வருந்தும் தவறு. பழைய பூச்சு காய்ந்து வெடித்து, தகட்டை விட்டு ஏற்கெனவே பிரிந்திருக்கும். அதன்மேல் பூசும் சிலிக்கோன், உள்ளே புகுந்த நீர் வெளியேறும் வழியையும் சேர்த்து அடைத்துவிடும். சிலிக்கோன் படிந்த பரப்பில் பிறகு வேறெந்தப் பூச்சும் சரியாக ஒட்டாது என்பதால், நாளை முறையாகச் செய்ய நினைப்பவருக்கும் அது தலைவலிதான். பட்டையை முழுவதுமாகக் கழற்றி, பழைய பூச்சைச் சுரண்டியெடுத்து, துடைத்துக் காயவைத்து, இடுக்கை அடைக்கும் ரப்பர் போன்ற பிசுபிசுப்பான பியூட்டைல் நாடாவைப் புதிதாக வைத்துப் பொருத்துவதே சரியான முறை. பத்து பெரிங்கி, தஞ்சோங் பூங்கா போன்ற கடலோரப் பகுதிகளில் வண்டியை நிறுத்துபவர்கள் திருகுகளையும் புதிதாக மாற்றிவிடுவது நல்லது; உப்புக்காற்று அவற்றை விரைவில் அரித்துவிடும்.

மரத்தின் ஈரத்தை அளக்கும் ஈரமானியின் எண்ணைப் படிப்பதில் ஒரு தவறு நடக்கிறது; அதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். பிரிட்டனில் 15 விழுக்காடு வரை இயல்பு, 20ஐத் தாண்டினால் கவனம் தேவை, 30ஐ நெருங்கினால் சேதம் என்பது பரவலாகச் சொல்லப்படும் கணக்கு. அதை அப்படியே இங்கு எடுத்துக்கொள்ள முடியாது. நம் ஊர்க் காற்றில் எந்த ஒழுகலும் இல்லாத நல்ல மரமே ஏறக்குறைய 16 விழுக்காடு ஈரத்தைத் தாங்கி நிற்கும். முள் குத்தி அளக்கும் ஈரமானிகள் பொதுவாக 20 பாகை செல்சியஸுக்கு ஏற்பச் சீரமைக்கப்பட்டவை என்பதால், 30 பாகை வெப்பத்தில் சற்றுக் கூட்டியே காட்டும். முள் உலோகத்தைத் தொட்டால் அந்த எண்ணை நம்பவே முடியாது. ஆகவே, அதே கேரவனுக்குள் நீர் படவே வாய்ப்பில்லாத ஒரு நடுச்சுவரை முதலில் அளந்துகொண்டு, மற்ற இடங்கள் அதைவிட எவ்வளவு உயர்ந்திருக்கின்றன என்று ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். நடுச்சுவர் 16 காட்டும் வண்டியில் ஒரு மூலை 26 காட்டினால், அந்த மூலையைத் திறந்தே ஆக வேண்டும்.

திறப்பதற்கு முன் வெளி மின் இணைப்பையும் பேட்டரியையும் துண்டித்துவிடுங்கள்; பூஞ்சணத் தூசு மூக்கில் ஏறாமல் முகக்கவசம் அணியுங்கள்.

திறந்தபின் கண்ணுக்குக் கறுத்துத் தெரியும் பகுதியை மட்டும் வெட்டியெடுப்பது போதாது. கூரான ஊசியால் சட்டத்தை அங்குலம் அங்குலமாகக் குத்திப் பார்த்து, ஊசி இறங்க மறுக்கும் கெட்டியான மரம் வந்த பிறகும் ஒரு சாண் தள்ளி வெட்டுவதே பாதுகாப்பு. குளோரின் கலந்த வெளுப்பான் மேற்பரப்பில் உள்ள கறையைப் போக்குமே தவிர, மரத்தின் உள்ளே ஊடுருவிய பூஞ்சைவரை போய்ச் சேராது. போராக்ஸ் வகை உப்பான போரேட்டின் கரைசலைப் பூசினால் பூஞ்சையோடு கரையானையும் தடுக்கலாம்.

உலர்த்துவதில் அவசரமும் ஏர்கோனும் சேர்ந்து காரியத்தைக் கெடுக்கின்றன. 30 பாகை வெப்பமும் 80 விழுக்காடு ஈரப்பதமும் கொண்ட காற்று, 26 பாகைக்குக் குளிர்ந்தாலே நீராக இறங்கத் தொடங்கிவிடும். வெளித்தகட்டில் இடுக்கு இருக்கும்போது உள்ளே ஏர்கோனை 20 பாகையில் ஓடவிட்டால், இடுக்கின் வழியே நுழையும் வெளிக்காற்று குளிர்ந்த பிளைவுட்டின் பின்புறத்தில் பட்டு வியர்க்கும். மழை பெய்யாத நாளிலும் சுவர் நனையும். குளிர்நாடுகளில் இது நேர்மாறாக நடப்பதால், உட்புறத்தில் பிளாஸ்டிக் தாளை ஒட்டி ஈரத்தைத் தடுக்கச் சொல்லும் அந்நாட்டு அறிவுரை, ஏர்கோன் ஓடும் நம் வண்டியில் சுவரின் ஈரத்தை உள்ளேயே சிறைப்படுத்திவிடும். அதேபோல், வண்டியைத் தரைவரை தார்ப்பாயால் இழுத்து மூடினால் காற்றோட்டம் நின்றுவிடும். மேலே கூரை, பக்கங்களில் திறப்பு என்ற அமைப்பே நல்லது. வெட்டிய பகுதியைத் திறந்தே வைத்து, மின்விசிறியையும் ஈரம் உறிஞ்சும் கருவியையும் ஓடவிட்டு, ஈரமானியின் எண் நடுச்சுவரின் எண்ணோடு ஒத்துப்போகும்வரை புதிய பலகையைப் பொருத்தக் கூடாது. செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் இங்கு மழை உச்சத்தில் இருக்கும் என்பதால், பெரிய வேலையை இயன்றால் ஜனவரி, பிப்ரவரிக்கு ஒதுக்குங்கள்.

பட்டறையில் கொடுத்துச் செய்பவர்கள், சுவரைத் திறக்கும் முன்பே முழுத் தொகையையும் பேசி முடித்துவிடக் கூடாது. சேதம் எதுவரை போயிருக்கிறது என்பது திறந்த பிறகே தெரியும். முன்கூட்டியே பேசிய தொகைக்குள் வேலையை முடிக்க வேண்டிய கட்டாயம் வந்தால், மக்கிய சட்டத்தின் மேலேயே புதுப் பலகை ஏறிவிடும் அபாயம் உண்டு. திறந்து பார்க்கும் கூலியைத் தனியாகக் கொடுத்து, சட்டத்தைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லி, அதன் பிறகு மீதி வேலைக்கு விலை பேசுங்கள். வேலை முடிந்ததும் அளந்த இடங்களையும் எண்களையும் ஒரு தாளில் குறித்து அலமாரிக் கதவின் உட்புறம் ஒட்டிவைத்து, அடுத்த பெருமழைக்காலம் முடிந்ததும் அதே இடங்களை மீண்டும் அளந்து பாருங்கள்.