ரெகுலர் வெர்ப்தானேன்னு ஸ்பானிஷ்ல சொதப்புற இடங்கள்

ஸ்பானிஷ் க்ளாஸுக்கு புதுசா வர்றவங்க எல்லாரும் பேசி வச்ச மாதிரி ஒரே இடத்துல வழுக்குறாங்க, அதுவும் இர்ரெகுலர் வெர்ப்ல இல்ல, அதுக்கெல்லாம் பயந்து நல்லாவே படிச்சுட்டு வந்துடுறாங்க, ரெகுலர்தானேன்னு அசால்ட்டா விடுற இடத்துலதான். நானும் அதே பள்ளத்துல விழுந்து எந்திரிச்ச ஆளுங்கிறதால கோவம் கொஞ்சம் கூடவே வருது.

ஸ்பெல்லிங் தப்பு, ஆண்பால் பெண்பால் குழப்பம் இதெல்லாம் எழுதப்போறதில்ல, பழக பழக சரியாயிடும். பேசுறதுக்கு அப்லார், சாப்பிடுறதுக்கு கொமேர், வாழுறதுக்கு பிவீர், இப்படி ஆர், ஏர், ஈர்னு முடியுற மூணு குடும்பம் இருக்கு, ஒவ்வொரு காலத்துக்கும் ஆறு வடிவம் இருக்குன்னு தெரிஞ்சா இதைப் படிக்கலாம். இன்னொண்ணு, கீழ வர்ற ஸ்பானிஷ் வார்த்தைகள்ல அழுத்தம் விழுற எழுத்தை நெடிலாவும் மத்ததை குறிலாவும் எழுதியிருக்கேன். காரணம் போகப்போக தெரியும்.

எதுக்கெடுத்தாலும் யோ போடுறது

இது இங்கிலீஷ் வழியா ஸ்பானிஷ் படிக்கிறதால வர்ற வியாதி. யோ ஆப்லொ, யோ கோமொ, யோ பீவொன்னு வரிக்கு வரி "நான்" போட்டு பேசுவாங்க. தமிழ்ல "சாப்பிட்டேன்"னு சொன்னா போதும், யாருன்னு யாரும் கேக்க மாட்டாங்க, அந்த "ஏன்"லயே ஆள் உக்காந்திருக்கு. ஸ்பானிஷும் அதே கட்சிதான். தேவையில்லாம யோ போட்டா "வேற யாரும் இல்ல, நான்தான்"னு அழுத்தி சொல்ற தொனி வந்துடும். தாய்மொழியிலயே கைல இருக்குற வசதிய விட்டுட்டு இங்கிலீஷ்காரன் மாதிரி கஷ்டப்படுறதை பார்த்தா பாவமா இருக்கு.

யோவை விட்டுட்டீங்க, சந்தோஷம். ஆனா இப்ப ஆள் யாருன்னு சொல்ற வேலை மொத்தமும் வினையோட வால் தலையில வந்து விழுது, அதை சரியா உச்சரிக்கலன்னா என்ன ஆகும்ங்கிறதுதான் அடுத்தது.

அழுத்தத்தை அலங்காரம்னு நினைக்கிறது

காசு போற தப்பு இதுதான். இத்தனை வருஷம் சொல்லிக்கொடுத்தும் எனக்கு இன்னும் எரிச்சல் அடங்காத ஒரே தப்பும் இதுதான், அதனால கொஞ்சம் நீளமா போகும், பொறுத்துக்கோங்க.

ஆப்லொன்னா பேசுறேன். அப்லோன்னா பேசினார். ரெண்டுக்கும் எழுத்து ஒண்ணுதான், ரெண்டாவதுல மட்டும் கடைசி உயிரெழுத்து மேல ஒரு சின்ன சாய்வுக்கோடு, அதுக்கு அங்க தீல்தென்னு பேரு. ஆளும் மாறிடுச்சு, காலமும் மாறிடுச்சு, மாத்தினது அந்த ஒரு கோடு. சரி இந்த ஒரு ஜோடிதானேன்னா அதுவும் இல்ல. ஆப்லென்னா மரியாதையா "பேசுங்க", அப்லேன்னா "பேசினேன்". அப்லரான்னா "பேசுவார்", அப்லாரன்னா "அவர் மட்டும் பேசினாருன்னா"ன்னு இல்லாததை நினைச்சு சொல்றது. பன்மைக்கு வந்தா அப்லரான், அப்லாரன்னு இதே கூத்து இன்னொரு தடவை. முடிக்கிறதுக்கான தெர்மினாரை எடுத்தா இன்னும் மோசம்: தேர்மினொன்னா முடிவு, தெர்மீனொன்னா முடிக்கிறேன், தெர்மினோன்னா முடிச்சார்.

எங்கிட்ட படிச்ச பையன் ஒருத்தன், பாதி படிப்புலயே ஒரு கம்பெனியில மெக்சிகோ கஸ்டமருக்கு சாட் சப்போர்ட் வேலைக்கு போயிட்டான். ஒரு அம்மா ஆர்டர் வரலையேன்னு கேக்குறாங்க, இவன் சிஸ்டத்துல பார்த்தா அவங்க வீட்டுக்காரரே முந்தின நாள் கேன்சல் பண்ணியிருக்கார். இவன் "கன்செலோ எல் பெதீதொ", அதாவது ஆர்டரை அவர் கேன்சல் பண்ணிட்டார்னு எழுதணும். கோடு போடாம அனுப்பினான். அது "கன்சேலொ எல் பெதீதொ" ஆயிடுச்சு, ஆர்டரை நான் கேன்சல் பண்றேன்! அந்தம்மா பதறிப்போய் "நோ லொ கன்சேலெ"ன்னு அடிச்சாங்க, தயவுசெஞ்சு கேன்சல் பண்ணாதீங்கன்னு அர்த்தம். நம்மாளு அதை "நோ லொ கன்செலே"ன்னு, நான் கேன்சல் பண்ணலன்னு படிச்சுட்டு, ஆமாங்க நீங்க பண்ணல, தெரியும்னு ரொம்ப பணிவா பதில் போட்டான். அவங்க கண்ணுக்கு எப்படி தெரிஞ்சிருக்கும்னு நினைச்சுப் பாருங்க, கெஞ்சி கேட்டும் திமிரா பேசுறான்னுதானே. விஷயம் மேனேஜர் வரைக்கும் போயி, ஆர்டரை திரும்ப போட்டு, டெலிவரி காசையும் கம்பெனியே கட்டி, அந்த மாச இன்சென்டிவும் போச்சு. ரெண்டு பக்கமும் ஒருத்தர் வார்த்தையை இன்னொருத்தர் ஒரு கோடு தள்ளி படிச்சிருக்காங்க, அவ்வளவுதான் நடந்தது.

இதை சொன்னா உடனே "மேம், அவங்களே வாட்ஸ்அப்ல கோடு போடுறதில்லையே"ம்பாங்க. போடுறதில்லதான். அவங்க கோட்டை விடுவாங்க, ஆனா பேசும்போது அழுத்தத்தை ஒரு நாளும் விட மாட்டாங்க, அது காதுல ஊறிப்போனதால கோடு இல்லாததையும் இடம் பார்த்து படிச்சுக்குவாங்க. நமக்கு காதுலயும் இல்ல, கையிலயும் இல்ல, அப்புறம் எங்கிருந்து படிக்கிறது. அதே மாதிரி பெரிய எழுத்துல எழுதினா கோடு வேண்டாம்னு ஒரு வதந்தி பல வருஷமா சுத்துது. ஸ்பானிஷ் அகாடமி பெரிய எழுத்துக்கும் கோடு கட்டாயம்னுதான் சொல்லுது.

நமக்கு இது ஏன் இவ்வளவு கஷ்டம்னா, தமிழ்ல அழுத்தத்தை மாத்தினா அர்த்தம் மாறாது. "பேசினான்"ல எங்க அழுத்தினாலும் பேசினான்தான். அதனால நம்ம காது அதை சத்தமா மட்டும் கேட்டுட்டு விட்டுடுது. ஆனா அதே காது குறில் நெடில்ல எவ்வளவு கறார்னு பாருங்க, கொடு வேற கோடு வேற, பல் வேற பால் வேற, சின்னக்குழந்தை கூட மாத்தாது. இந்த கறாரைத்தான் நான் கடன் வாங்குறேன். அழுத்தத்தை நெடில்னு நினைச்சுக்கோங்க. ஆப்லொ, அப்லோ. அழுத்தமும் நீளமும் ஒண்ணு இல்லதான், ஆனாலும் ஸ்பானிஷ்ல அழுத்தம் விழுற உயிரெழுத்து கொஞ்சம் நீளமாத்தான் கேக்கும், ஆரம்பத்துக்கு இது போதும், அதுக்கப்புறம் காது தானா திருத்திக்கும்.

கோடு எங்க வரும்ங்கிறதுக்கும் மனப்பாடம் வேண்டாம். உயிரெழுத்து, ன், ஸ், இதுல முடிஞ்சா அழுத்தம் கடைசிக்கு முந்தின அசையில, வேற மெய்யெழுத்துல முடிஞ்சா கடைசி அசையில, இதை மீறினா கோடு. அதனாலதான் அப்லாரொன்னுக்கு, "பேசினாங்க"ங்கிறதுக்கு, கோடு இல்ல, அப்லாவமொஸுக்கு, "பேசிட்டிருந்தோம்"ங்கிறதுக்கு, கோடு உண்டு. வினையில இன்னும் சுலபம்: நிகழ்காலத்துல நாலு இடத்துல அழுத்தம் வேர்ல விழும், "நாம", "நீங்கல்லாம்" ரெண்டுல மட்டும் வால்ல விழும், ரெகுலர் வெர்போட சாதா இறந்தகாலத்துலயும் எதிர்காலத்துலயும் ஆறுமே வால்லதான். டைப் பண்றதுக்கு போன்ல உயிரெழுத்தை அமுக்கி பிடிச்சா கோடு போட்டது வரும். விண்டோஸ்ல நம்பர் பேட் இருந்தா ஆல்ட் அமுக்கிக்கிட்டு 160 அடிச்சா கோடு போட்ட அ, 130 எ, 161 இ, 162 ஒ, 163 உ. கீபோர்டுல இல்லன்னு யாரும் எங்கிட்ட சொல்லாதீங்க.

பழைய கதை சொல்றப்போ

இறந்தகாலம் ரெண்டு இருக்கு, ப்ரெதேரிதொ (மேல சொன்ன சாதா இறந்தகாலம், முடிஞ்சு போனதுக்கு), இம்பெர்ஃபேக்தொ (அப்ப நடந்துக்கிட்டிருந்ததுக்கு). ரொம்ப நாள் நடந்தா ரெண்டாவதுன்னு எவனோ கிளப்பி விட்டிருக்கான், அது தப்பு. மூணு வருஷம் மாட்ரிட்ல இருந்தேன்னா பிவீ, ஏன்னா கணக்கு சொல்லி கதவை சாத்திட்டீங்க, முப்பது வருஷமா இருந்தாலும் பிவீதான். மாட்ரிட்ல இருந்தப்போ ஒரு நாள்னு கதை ஆரம்பிச்சா பிவீய, ஏன்னா அங்க கதவு இன்னும் திறந்திருக்கு.

இதைவிட பெரிய குழி வழக்கமா நடந்தது. "ஞாயித்துக்கிழமைன்னா பாட்டி வீட்ல சாப்பிடுவோம்". தமிழ்ல பழைய வழக்கத்துக்கு எதிர்கால வடிவம் போடுறோம் பாருங்க, அதை அப்படியே கொண்டுபோய் கொமெரேமொஸ்னு போடுறவங்க இருக்காங்க, அது இனிமே சாப்பிடப்போறது. இங்கிலீஷ் யோசிக்கிறவங்க வுட் ஈட்னு நினைச்சு கொமெரீயமொஸ்னு போடுவாங்க, அது வசதி இருந்தா சாப்பிடுவோம்ங்கிறது, பாட்டி கோச்சுக்கும். சரியானது கொமீயமொஸ்.

"நாம" வரிசையில காலம் தெரியாது

அப்லாமொஸ் பேசுறோமும்தான் பேசினோமும்தான், பிவீமொஸும் அப்படியே. கொமேர் குடும்பம் மட்டும் கொமேமொஸ், கொமீமொஸ்னு பிரிஞ்சு நிக்கும்.

எதிர்காலத்துக்கு வாலை வெட்டாதீங்க

முழு வார்த்தையும் அப்படியே இருக்கணும், அதுக்கு மேல ஒட்டு: அப்லார் கூட ஏ, அப்லரே. பழக்கதோஷத்துல ஆரை வெட்டிட்டு ஏ போட்டா அப்லே, நாளைக்கு பேசுறேன்னு சொல்ல வந்து நேத்தே பேசிட்டேன்னு முடியும்.

நோ வந்தா உயிரெழுத்து மாறும்

ஃப்ரெண்டை பேசுன்னு சொல்ல ஆப்ல. பேசாதேக்கு நோ ஆப்லன்னு சொல்றாங்க, அது "அவர் பேச மாட்டேங்கிறார்". நோ ஆப்லெஸ்தான் சரி. சாப்பிடுக்கு கோமெ, சாப்பிடாதேக்கு நோ கோமஸ். இப்படி உயிரெழுத்து மாறின வடிவத்துக்கு சுப்ஹுந்தீவொன்னு பேரு, ஆசைப்படுறது, இன்னும் நடக்காதது இதுக்கெல்லாம் போடுறது. பேரைக் கேட்டே பாதிப்பேர் ஓடுறாங்க, ரெகுலர் வெர்ப்ல அது வெறும் பண்டமாற்று, ஆர் குடும்பம் எ எடுத்துக்கும், மத்த ரெண்டும் அ எடுத்துக்கும். கஷ்டம் எப்ப போடணும்ங்கிறதுலதான். நீ பேசணும்னு ஆசைப்படுறேன், கியேரொ கெ ஆப்லெஸ், இங்க போடுவாங்க, ஏன்னா எல்லா புத்தகத்துலயும் இருக்கு. "நீ வந்து சேர்ந்ததும் சொல்லு"ன்னு வர்றப்போதான் கோட்டை விடுவாங்க, யேகஸ்னும் யெகராஸ்னும் வரும். இன்னும் வந்து சேரல இல்லையா, அப்ப குவாந்தொ யேகெஸ்தான்.

உஸ்தேத் மரியாதை, வினை படர்க்கை

உஸ்தேத்னா மரியாதையா "நீங்க", ஆனா வினை "அவர்" வடிவம்தான்: உஸ்தேத் ஆப்ல. ஆப்லஸ் இல்ல, அது "நீ" வடிவம்.

புஸ்காரும் யெகாரும் இர்ரெகுலர் இல்ல

தேடுறதுக்கு புஸ்கார், வந்து சேர்றதுக்கு யெகார். "தேடினேன்", "வந்து சேர்ந்தேன்"க்கு புஸ்கே, யெகேன்னு வாய்விட்டு சொல்லிப்பாருங்க, சத்தம் அச்சு அசல் ரெகுலர். புஸ்கார்ல க சத்தம் ச ஆகாம இருக்கவும் யெகார்ல ககரம் தொண்டைக்குள்ள போகாம இருக்கவும் ஸ்பெல்லிங்கை மாத்தியிருக்காங்க, அவ்வளவுதான். இதை இர்ரெகுலர் லிஸ்ட்ல சேர்த்து லிஸ்டை நீளமாக்கிட்டு அப்புறம் லிஸ்ட் நீளமா இருக்குன்னு அழுறது.

டேபிளை மேலிருந்து கீழ ஒப்பிக்கிறது

ஆப்லொ, ஆப்லஸ், ஆப்லன்னு பாட்டா பாடுவாங்க, திடீர்னு "அவங்க பேசுறாங்க"ன்னு கேட்டா முதல்ல இருந்து பாடி இறங்கி வரணும். டேபிளை குறுக்கால படிங்க. ஒரே ஆளை பிடிச்சுக்கிட்டு காலத்தை மாத்துங்க: ஆப்லன், அப்லாரொன், அப்லாவன், அப்லரான், ஆப்லென். நாளைக்கு இன்னொரு ஆள்.

பொஸோத்ரொஸ் வரிசை வேணுமா

பொஸோத்ரொஸ்னா "நீங்கல்லாம்". ஸ்பெயினுக்கு போறீங்கன்னா வேணும், அங்க ஃப்ரெண்ட்ஸ் கூட்டத்தை அப்படித்தான் கூப்பிடுவாங்க, அப்லாய்ஸ், கொமேய்ஸ். லத்தீன் அமெரிக்காவுல எல்லாருக்கும் உஸ்தேதெஸ்தான், பார்த்தா அடையாளம் தெரிஞ்சா போதும். அர்ஜென்டினாகாரங்க கூட வேலைன்னா தூ, அதாவது "நீ" வரிசைக்கு பதிலா பொஸ் வரிசைய கத்துக்கோங்க: அப்லாஸ், கொமேஸ், பிவீஸ், கட்டளைக்கு அப்லா, கொமே, பிவீ. எல்லாத்துலயும் கடைசியில அழுத்தம், எல்லாத்துலயும் கோடு. அந்த பிவீ மேல மாட்ரிட்ல வாழ்ந்த பிவீயேதான், எழுத்தும் ஒண்ணு சத்தமும் ஒண்ணு, அங்க மட்டும் இடம் பார்த்து புரிஞ்சுக்க வேண்டியதுதான்.