புதிய பெண் விரிவுரையாளருக்கு வழி விடுவது எப்படி

திருகோணமலையில் கோணேசபுரி வளாகத்தில் சித்த மருத்துவம் படிப்பிக்கிறேன். புதிதாகச் சேரும் தங்கைமாரோடு முதலில் பேசுவது பெயர் வரிசைதான். ஆய்வுக் கட்டுரையில் முதல் பெயர் யாருடையது என்பதைத் தரவு சேர்க்க முன்பே தீர்மானித்து, மின்னஞ்சலில் போட்டுவிடுங்கள். மருத்துவ இதழ் ஆசிரியர்களின் சர்வதேசக் குழு, ஒருவரின் பெயரைக் கட்டுரையில் போடுவதற்குக் கேட்பவை 4: பங்களிப்பு, எழுத்து, இறுதி ஒப்புதல், பொறுப்பேற்பு. பதவி அதில் இல்லை!

அப்புறம், தேநீர், மண்டப அலங்காரம் எல்லாம் பெண்கள் தலையில்தான் விழும். சுழற்சி முறைக்கு மாற்றுங்கள். ஆய்வுகளுக்கு ஒப்புதல் தரும் நெறிமுறைக் குழுவுக்குப் புதிய விரிவுரையாளரின் பெயரைக் கூட்டத்திலேயே சொல்லுங்கள். தனியே பாராட்டுவதால் பதவி உயர்வு வராது.

மாலை 4 மணிக்குப் பின் கூட்டம் வேண்டாம், நிலாவெளி வீதியில் பஸ் பிடிக்க வேண்டும். பிரசவ லீவில் இருப்பவருக்கும் மாநாட்டு அழைப்பை அனுப்புங்கள். போவதா இல்லையா என்பதை அவரே முடிவெடுக்கட்டும்.