ரஷ்ய வரைபடம் மனதில் நிற்க ஒரு வழி

எங்கள் மயூர் விஹார் குடியிருப்பில் ஒரு பெண் மருத்துவம் படிக்க ஓம்ஸ்க் போகிறாள். "அங்கே மணி நமக்குப் பின்னாடிதானே?" என்று அவள் அம்மா கேட்டார். மாஸ்கோதான் இரண்டரை மணி பின்னால். ஓம்ஸ்க் நமக்கு அரை மணி முன்னால்!

வரைபடத்தில் தில்லி மேல் விரல் வைத்து நேர் வடக்கே இழுங்கள். ஓம்ஸ்க்குக்கும் நோவோசிபிர்ஸ்க்குக்கும் நடுவே, மேற்கு சைபீரியாவில் போய் நிற்கும். மாஸ்கோ எவ்வளவு மேற்கே இருக்கிறது என்பது அப்போதுதான் உறைக்கும்.

பிறகு மூன்று கோடுகள் போதும்: யூரல் மலை, யெனிசெய் ஆறு, லேனா ஆறு. யூரலுக்கு மேற்கே ஐரோப்பிய ரஷ்யா, பெரும்பாலான மக்கள் அங்கேதான். யூரலுக்கும் யெனிசெய்க்கும் இடையே சதுப்பு நிறைந்த சமவெளி. அடுத்து லேனா வரை பீடபூமி. அதற்கும் கிழக்கே மலைகள், கம்சட்கா எரிமலைகள்.

இரண்டு ஆறுகளும் வடக்கே ஓடி ஆர்க்டிக்கில் கலக்கின்றன. வசந்தத்தில் தெற்கே பனி முதலில் உருகும், முகத்துவாரம் உறைந்தே கிடக்கும். தண்ணீர் போக வழியின்றி வெள்ளமாகப் பரவும்.

நாட்டில் மொத்தம் 11 நேர மண்டலங்கள். கோடைக்காகக் கடிகாரத்தை மாற்றுவது இப்போது இல்லாததால், ஊருக்கு ஒரு கணக்கை ஒருமுறை குறித்து வைத்தால் ஆண்டு முழுக்க அதையே பார்த்து அழைக்கலாம்.