உணவுக் கழிவைப் பிரிக்கும் விதிகள்: நிறுவனங்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

உணவகம், கேன்டீன், தங்கும் விடுதி போன்ற இடங்களில் உணவுக் கழிவைத் தனியாகப் பிரித்து மறுசுழற்சிக்கு அனுப்ப ஏற்பாடு செய்வது என் வேலை. சட்டம் வந்துவிட்டதே என்று அவசர அவசரமாகத் தொடங்குகிறவர்கள், எங்களைப் போன்றவர்கள் ஆரம்ப காலத்தில் செய்த அதே தவறுகளைத் திரும்பச் செய்கிறார்கள். பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை. பிளாஸ்டிக்கைச் சேர்க்காதே, தொட்டியை மூடி வை என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

வரம்பைத் தவறாகப் படிப்பது

"நாங்க சின்ன இடம்தான், எங்களுக்கு இது பொருந்தாது." அதிகம் கேட்கும் பதில் இது. சொல்கிறவர்களில் பாதிப் பேர் விதியைப் படித்தே இருக்க மாட்டார்கள். படித்தவர்களும், எதை எண்ண வேண்டும் என்பதில் கோட்டை விடுகிறார்கள்.

ஒவ்வொரு நாடும் ஒவ்வொன்றை அளக்கிறது. வேல்ஸில் 2024 ஏப்ரல் முதல், வாரத்துக்கு 5 கிலோவுக்கு மேல் உணவுக் கழிவு வரும் எந்தப் பணியிடமும் அதைத் தனியாகப் பிரித்தாக வேண்டும். இங்கிலாந்தில் எடை கணக்கில்லை, ஆள் கணக்கு: முழுநேர வேலைக் கணக்கில் 10 அல்லது அதற்கு மேல் பணியாளர்கள் இருந்தால் 2025 மார்ச் 31 முதல், அதற்குக் குறைவென்றால் 2027 மார்ச் 31 முதல். அதிலும் கிளை கிளையாக எண்ணக் கூடாது, நிறுவனம் முழுவதையும் எண்ண வேண்டும். மூன்று கிளைகளில் நான்கு நான்கு பேர் என்றால் பன்னிரண்டு பேர்தான். இந்தியாவின் 2016-ம் ஆண்டு விதிகள் உணவுக் கழிவை மட்டும் பார்க்கவில்லை. எல்லா வகைக் கழிவும் சேர்ந்து நாளுக்குச் சராசரி 100 கிலோவைத் தாண்டினால் பெரிய அளவில் கழிவு உண்டாக்கும் இடம் என்று வகைப்படுத்தின. பிரான்ஸில் 2024 ஜனவரி முதல் குறைந்தபட்ச அளவே கிடையாது, எல்லோரும் பிரிக்க வேண்டும்.

வாரத்துக்கு 5 கிலோ என்பது ஒரு நாளுக்கு ஒரு கிலோகூட இல்லை. சமையலே நடக்காத அலுவலகத்தில் பழத்தோலும் தேயிலைச் சக்கையும் மதியச் சாப்பாட்டு மிச்சமுமே அதைத் தொட்டுவிடும். ஒரு வாரம் தராசில் வைத்து எழுதிப் பாருங்கள். மனக்கணக்கு எப்போதும் குறைவாகவே காட்டும்.

தொட்டியை முதலில் வாங்குவது

இன்றும் எனக்கு எரிச்சலூட்டும் தவறு இதுதான். தொட்டி, பை, தட்டு, ஸ்டிக்கர் எல்லாவற்றையும் வாங்கிவிட்டு, கடைசியில்தான் கழிவு எங்கே போகிறது என்று கேட்கிறார்கள். பலர் கேட்பதே இல்லை.

ஓர் அலுவலகக் கேன்டீன். அதன் நிர்வாகி உண்மையிலேயே அக்கறை உள்ளவர். பிளாஸ்டிக்கே வேண்டாம் என்று முடிவெடுத்து, மட்கும் தட்டு, மட்கும் கோப்பை, மட்கும் கரண்டி, தொட்டிக்குள் விரிக்க மட்கும் பை என்று எல்லாம் மாற்றினார். எல்லாமே முறையான சான்றிதழ் பெற்றவை. பணியாளர்களுக்குப் பயிற்சியும் கொடுத்தார்: சாப்பிட்டு முடித்ததும் தட்டோடு உணவுத் தொட்டியில் போட்டுவிடுங்கள், இரண்டும் ஒன்றாக மட்கிவிடும். எல்லோரும் ஒழுங்காகக் கடைப்பிடித்தார்கள். பில்லைப் பார்க்கச் சொல்லி என்னைக் கூப்பிட்டபோது, மாதா மாதம் 'மாசுபட்ட சுமை' என்று ஒரு வரி இருந்தது. அதற்குத் தனிக் கட்டணம். கணக்குப் பிரிவில் அது என்னவென்று யாரும் கேட்கவில்லை, கழிவு எடுக்கும் நிறுவனமும் விளக்கவில்லை.

விஷயம் இதுதான். அந்தக் கழிவு போனது பயோகேஸ் ஆலைக்கு. அங்கே முதல் வேலையே, வந்த சுமையைக் கிழித்து, பையையும் பொட்டலத்தையும் பிரித்து வெளியே தள்ளுவது. அந்த இயந்திரத்துக்கு மட்கும் பையும் ஒன்றுதான், சாதாரண பிளாஸ்டிக் பையும் ஒன்றுதான். தட்டும் கோப்பையும் கரண்டியும் மொத்தமாக வெளியே வந்து விழும். அவற்றில் ஒட்டிய சாப்பாடும் அவற்றோடு போகும். கடைசியில் எல்லாம் எரிக்கப்போகும் குவியலில். தட்டுக்கு அதிக விலை, பைக்கு அதிக விலை, அது போதாதென்று மாசுக் கட்டணமும்.

சான்றிதழ் பொய்யில்லை. ஐரோப்பாவில் வழக்கத்தில் இருக்கும் ஈஎன் 13432 தரம் சொல்வது தொழிற்சாலை அளவிலான உரக்குவியலைப் பற்றி. சுமார் 58 டிகிரி வெப்பம், தாராளமான காற்று. அந்தச் சூழலில் 12 வாரத்துக்குப் பிறகு 2 மில்லிமீட்டர் சல்லடையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் தங்கக் கூடாது. ஆறு மாதத்துக்குள் 90 சதவீதம் சிதைந்திருக்க வேண்டும். பயோகேஸ் கலனில் காற்றே கிடையாது. பெரும்பாலான கலன்கள் 35 முதல் 40 டிகிரி வெப்பத்தில்தான் இயங்குகின்றன. சில உர ஆலைகளிலும் இதே சிக்கல் உண்டு: அவர்களுடைய சுற்று 12 வாரத்துக்கு முன்பே முடிந்துவிடும், அதனால் அவர்களும் தட்டு, கோப்பைகளை ஏற்க மாட்டார்கள்.

ஆகவே ஒரு பைசா செலவழிப்பதற்கு முன்பு, கழிவு எடுப்பவரிடம் பேசுங்கள். எந்த ஆலைக்குப் போகிறது, அது பயோகேஸா உரமா? பை போட்டுக் கொடுக்கலாமா, எந்தப் பை? பெரிய எலும்பு, சிப்பி ஓடு எடுப்பார்களா? காகித நாப்கின்? காலாவதியான பொருளைப் பொட்டலத்தோடு கொடுக்கலாமா, பிரித்துத்தான் கொடுக்க வேண்டுமா? எவ்வளவு மாசு வரை பொறுப்பார்கள், தாண்டினால் என்ன கட்டணம்? பதிலை எழுத்தில் வாங்குங்கள். ஒப்பந்தத்துக்கு வருகிற விற்பனையாளர் "எல்லாம் எடுப்போம் சார்" என்றுதான் சொல்வார். ஆலையின் ஏற்புப் பட்டியலைக் கேட்டு வாங்கினால்தான் உண்மை தெரியும். அப்புறம் கழிவு எடுக்கும் நிறுவனம் ஆலையை மாற்றினால் உங்களுக்குத் தெரிவிக்க வேண்டும் என்று ஒரு நிபந்தனையும் சேருங்கள். இதை விட்டவர்கள் ஒரு வருடம் கழித்து மறுபடி இதே இடத்தில் வந்து நிற்பதைப் பார்த்திருக்கிறேன்.

தொட்டியின் அளவும் இதற்குப் பிறகுதான். உணவுக் கழிவில் பெரும்பகுதி தண்ணீர். 240 லிட்டர் தொட்டி நிறைந்தால் 100 கிலோவைத் தாண்டிவிடும். அதைத் தள்ளுகிறவரின் முதுகை நினைத்துப் பாருங்கள்.

அரைத்துச் சாக்கடையில் விடுவது

ஸ்காட்லாந்திலும் வேல்ஸிலும் நிறுவனங்களுக்குத் தடை. மற்ற இடங்களில், அரைக்கும் இயந்திரம் விற்பவரைக் கேட்காமல் கழிவுநீர் நிர்வாகத்தைக் கேளுங்கள்.

சமையல் எண்ணெய்

தனி கேன். சிங்க்கும் வேண்டாம், உணவுத் தொட்டியும் வேண்டாம்.

பன்றிப் பண்ணைக்குக் கொடுப்பது

நல்ல எண்ணத்தில் செய்வதுதான். ஆனால் 2001-ல் பிரிட்டனில் பரவிய கோமாரி நோய், சரியாக வேகவைக்காத உணவுக் கழிவைத் தின்ற பன்றிகளிடமிருந்து தொடங்கியிருக்க வேண்டும் என்பதுதான் விசாரணையின் முடிவு. 60 லட்சத்துக்கும் மேற்பட்ட கால்நடைகள் கொல்லப்பட்டன. சமையலறைக் கழிவைப் பண்ணை விலங்குகளுக்குக் கொடுப்பது அந்த ஆண்டே அங்கே தடைசெய்யப்பட்டது. பிறகு ஐரோப்பிய ஒன்றியம் முழுவதும். உங்கள் நாட்டு விதியைப் பார்க்காமல் ஒரு வாளிகூடக் கொடுக்காதீர்கள்.

உணவுத் தொட்டியைத் தனியாக வைப்பது

எச்சில் தட்டு வந்து விழும் இடத்தில் ஐந்து நிமிடம் நின்று பாருங்கள். ஒரு கையில் தட்டு, மறுகையால் வழித்துத் தள்ளுகிறார்கள். தட்டில் சர்க்கரைப் பொட்டலம், பல்குச்சி, கசங்கிய நாப்கின், சில நேரம் ஸ்பூன். பக்கத்தில் பொதுக் குப்பைத் தொட்டி இல்லையென்றால் இவை எல்லாமே உணவுத் தொட்டிக்குள்தான் போகும். கூட்ட நேரத்தில் நான்கு அடி நடந்து போய்ப் போட யாருக்கும் நேரமில்லை, அதற்காக அவர்களைக் குறை சொல்வதும் நியாயமில்லை. உணவு, மறுசுழற்சி, பொதுக் குப்பை மூன்றும் அருகருகே இருக்க வேண்டும். தொட்டி மேல் ஒட்டும் படத்தில் உங்கள் சமையலறையில் வரும் பொருள்களே இருக்கட்டும். இரவுப் பணிக்கு வருகிறவர்களுக்கும், ஒப்பந்தத் துப்புரவுப் பணியாளர்களுக்கும் பயிற்சி கொடுங்கள். பகல் முழுவதும் பிரித்ததை, தெரியாமல் ஒரே பையில் கொட்டிக் கட்டிவிடுவது பெரும்பாலும் இரவில்தான் நடக்கிறது.

நல்ல உணவையும் தொட்டியில் போடுவது

பிரித்துவிட்டோம் என்ற திருப்தியில், தொடாத உணவும் தொட்டிக்குப் போகத் தொடங்குகிறது. மறுசுழற்சி இந்த வரிசையில் பின்னால் வருவது: முதலில் மிஞ்சாமல் சமைப்பது, பிறகு மிஞ்சியது மனிதர்களுக்குப் போவது. கலிபோர்னியாவில் 2016-ல் இயற்றிய சட்டத்தின்படி, 250 அல்லது அதற்கு மேல் இருக்கைகள் உள்ள உணவகங்கள் 2024 ஜனவரி முதல் உண்ணத்தக்க மிச்சத்தை உணவு வழங்கும் அமைப்புகளுக்குக் கொடுக்க ஏற்பாடு செய்தாக வேண்டும். சட்டம் கேட்காத இடத்திலும், சமையலில் வீணானது, தட்டில் மிஞ்சியது, பரிமாறாமலே மிஞ்சியது என்று மூன்றையும் தனித்தனியாக எடை போடுங்கள். மூன்றாவது அதிகமென்றால் சமைக்கும் அளவைக் குறைக்க வேண்டும்.

ரசீதைத் தூக்கிப் போடுவது

சோதனைக்கு வருகிறவர் தொட்டியோடு காகிதத்தையும் பார்ப்பார். இங்கிலாந்தில் கழிவு கைமாறிய ஒவ்வொரு ஆவணத்தையும் இரண்டு ஆண்டு வைத்திருக்க வேண்டும். யார் எடுத்தார், எப்போது, எந்த வகைக் கழிவு என்பது அதில் இருக்கட்டும். ஆலையின் பெயரையும் பக்கத்தில் எழுதி வையுங்கள்.